மஞ்சள் வண்டி அக்காவுக்கு

“அதுமேல கைய வச்ச, நாளைக்கு எந்தக் கையால சாப்பிடறதுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்க” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சார்ஜர், பழைய மானிட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டான். மதிய நேரம். கடையில் ஆள் இல்லை. மேசைமேல் புதுக் கம்ப்யூட்டர் பெட்டி தெர்மாகோல் துணுக்குகளை உதிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கட்டிங் மெஷின் பக்கத்தில் பில் புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிரவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த பிரஷ் நின்றுவிட்டது. அதை நான் பார்த்தேன்.

சார்ஜர் என்பது நான் வைத்த பெயர். அவன் என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன், அதாவது இந்த அக்காவின் பிள்ளை. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் ப்ளக் பாயிண்ட் எங்கே என்று பார்ப்பான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளைதான், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளைகள் நமக்கு நல்லது செய்யக் கிளம்பும்போதுதான் எனக்குப் பயம்.

“சித்தி, இதுல ஓடற ஆப்பரேட்டிங் சிஸ்டத்த, செஞ்ச கம்பெனியே கைகழுவி எவ்வளவோ வருஷமாச்சு. இனிமே நாம நெட்ல ஆர்டர் வாங்கப்போறோம். இதப் போயி நெட்ல மாட்டினா வாசக்கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரி. அப்பா சரின்னுட்டாரு. சித்தப்பாவும் சரின்னுட்டாரு.”

அந்தக் கடைசி வார்த்தைதான் என் ஆத்திரத்தைக் கிளப்பியது. இன்று வெயில் என்று ஒருவர் சொன்னால் வேண்டுமென்றே குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற அண்ணன் தம்பி இவர்கள். வீட்டைப் பிரித்த நாளிலிருந்து எதிலும் ஒத்துப்போகாதவர்கள், ஒத்துப்போவதற்கு வேறு விஷயமே கிடைக்காமல், எங்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதில் ஒத்துப்போயிருக்கிறார்கள். ஆஹா, என்ன ஒற்றுமை!

வீடு பிரிந்த கதையைச் சொல்லாமல் இது புரியாது. மாடிப்படி யார் பங்கு என்பதுதான் சண்டை. பேச்சு தடித்தது. “இவ கால் எடுத்து வச்சதுலேர்ந்துதான் இந்த வீடு ரெண்டாச்சு” என்று என்னை நோக்கிக் கையை நீட்டிச் சொன்னார் பெரியவர், அக்காவின் வீட்டுக்காரர். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு நடுவில் சுவர் வந்தது. படிக்கட்டு அவர்கள் பக்கம் போனது. எங்களுக்கு வெளியே ஒரு இரும்புப் படி, மழைக்காலத்தில் ஏறினால் உயிர் கையில். ஓரகத்திகள் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஆனால் தெருப் பக்கம் இருக்கிற அச்சுக்கடையைப் பிரிக்க முடியவில்லை. பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, கேள்வித்தாள், பைண்டிங். ஆண்கள் இருவரும் ஆர்டர் பிடிக்கிறேன், பேப்பர் வாங்குகிறேன் என்று ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். உள்ளே உட்கார்ந்து வேலையை முடிப்பது நாங்கள். டைப் அடிப்பதும் பக்கம் அமைப்பதும் நான். நம்பர் போடுவதும் கட் பண்ணுவதும் ஒட்டுவதும் அக்கா. “அட்டை எந்தக் கலரு?” “நீலம்.” இதற்கு மேல் பேச்சு கிடையாது. அவளை நான் “நீங்க” என்பேன், அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள்.

அப்படி இருந்த எங்களைப் பேச வைத்தது அந்த விளையாட்டு. சார்ஜர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு மறந்துபோனது. திரையின் நடுவில் ஒரு செங்கல் வீடு. நாலு பக்கத்திலிருந்தும் தீப்பொறிகள் உருண்டு உருண்டு வரும். ஒரு தீயணைப்பு வண்டி சுற்றிச்சுற்றிப் போய்த் தண்ணீர் பீய்ச்சி அணைக்க வேண்டும். பொறி வீட்டைத் தொட்டால் முடிந்தது, பக்கென்று பற்றிக்கொள்ளும். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்து அதை ஆடிக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த ஆட்டம் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் நின்று பார்த்தேன். இடது பக்கம் ஒரு பொறி வருகிறது, இவள் வலது பக்கமே தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரம்தான் பொறுப்பேன்? குனிந்து இரண்டாவது ஆளுக்கான பட்டனை அமுக்கினேன். மஞ்சள் வண்டிக்குப் பக்கத்தில் சிவப்பு வண்டி வந்து நின்றது. “அந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன், நீ மேல பாரு!” என்று கத்தினேன். நீ என்று சொல்லிவிட்டேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சரிடி” என்றாள்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவோம். ஒரே கீபோர்டு. அம்புக்குறி நாலும் என்டரும் எனக்கு, இடது பக்கத்து எழுத்துகளும் டேப்பும் அவளுக்கு. மஞ்சள் வண்டி அக்காவுக்கு, அது முதல் நாளே முடிவானது. தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தால்தான் கை எட்டும். வாக்கா, போக்கா, விட்டியே, குருட்டுக் கோழி, உன் மூஞ்சி, அடி, அடி, அடி! என்னவெல்லாம் பேசுவோம் தெரியுமா? ஆட்டம் முடிந்து ஷட்டரைத் தூக்கினால் மறுபடியும் அட்டை எந்தக் கலர், நீலம். இந்த வீட்டில் நானும் அவளும் ஒரே கட்சியில் இருக்கிற நேரம் அது ஒன்றுதான். அதற்கு அந்தப் பழைய மெஷின் வேண்டும். பேட்டரி செத்துப்போன மெஷின், காலையில் போட்டதும் தேதி தெரியாமல் முழிக்கும். எஃப் ஒன் பட்டனை அமுக்கினால், சுவர் வருவதற்கு முந்தின ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி ஒன்று என்று காட்டிவிட்டுச் சமர்த்தாக வேலை செய்யும்.

“அந்த ஆட்டம் இதுல ஓடுமா?” என்று சார்ஜரிடம் கேட்டேன்.

“எந்த ஆட்டம்?”

“தீ.”

அவன் என்னைப் பார்த்தான், அவன் அம்மாவைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “வேலைக்குக் கேப்பீங்கன்னு பாத்தேன், வெளையாட்டுக்கா?” என்றான்.

“ஆமாடா, வெளையாடத்தான். அம்பது வயசுக்கு மேல வெளையாடக்கூடாதுன்னு உன் கம்பெனில சட்டம் போட்டிருக்காங்களா?”

பாவம், உட்கார்ந்து ஏற்றித்தான் கொடுத்தான். முதல் தடவை ஓடியபோது, அடேயப்பா, அந்த வேகம்! புது மெஷின் அவ்வளவு அவசரக்காரன். நான் பட்டனில் விரல் வைப்பதற்குள் வீடு எரிந்து சாம்பலாகி, தோற்றுவிட்டாய் என்று எழுதிவிட்டது. பழைய ஆட்டங்கள் மெஷினின் வேகத்துக்கு ஓடுமாம், மெஷின் ஓடினால் அதுவும் ஓடுமாம். அவன் ஏதோ ஒரு புரோகிராமைப் போட்டு அதன் காலைக் கட்டினான். அப்புறம் பழையபடி பொறிகள் உருண்டு வந்தன. “திருப்தியா சித்தி?” என்று கேட்டுவிட்டு, பழைய மெஷின், மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் பக்கத்து மாடிப்படிக்குக் கீழே போட்டான். பழைய சாமான்காரன் வரும்போது கொடுத்துவிடுவார்களாம்.

வேலையைப் பொறுத்தவரை புது மெஷினை நான் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். எழுத்து பளிச்சென்று தெரிகிறது. பழைய பில் புத்தக மாதிரிகளை எல்லாம் ஒன்று விடாமல் மாற்றிக் கொடுத்திருந்தான். மறுநாள் மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கீபோர்டு ஒல்லியாக, அப்பளம் கணக்காக இருந்தது. முதல் கட்டம் தாண்டினோம். இரண்டாவதும் தாண்டினோம். மூன்றாவதில் பொறிகள் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வரும். எனக்கு வலது பக்கம் மூச்சுவிட நேரமில்லை. இடது பக்கம் ஒரு பொறி வீட்டை நோக்கி வருகிறது. மஞ்சள் வண்டி அதன் எதிரிலேயே நிற்கிறது. தண்ணீர் அடிக்கவில்லை. சும்மா நிற்கிறது.

“அடிக்கா!” என்றேன். நின்றது. “அடிக்காங்கறேன்ல!” வீடு பற்றிக்கொண்டது.

மறுபடி ஆடினோம். மறுபடியும் அதேதான். நெருக்கடி இல்லாதபோது அந்த வண்டி நன்றாகத் தண்ணீர் அடிக்கிறது. நான் மாட்டிக்கொண்டு முழிக்கிற நேரம் பார்த்து மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. மூன்றாவது தடவை வீடு எரிந்தபோது, எனக்குள் என்னென்னவோ எரிந்தது. சமையலறை வாசல் தெரிந்தது, கரண்டி தெரிந்தது.

“உங்களுக்கு இது பழக்கம்தானே? நான் நடுத்தெருவுல நிக்கறப்ப வாயத் தச்சுக்கிட்டுத் தரையப் பாக்கறது. அன்னைக்கும் இப்படித்தான் நின்னீங்க.”

அக்காவின் முகம் சுண்டிப்போனது. “நான் அமுக்கினேன்” என்றாள்.

“அமுக்கினா தண்ணி வராதா?”

“நான் அமுக்கினேன்.” எழுந்தாள். ஷட்டர் வரை போய்த் திரும்பினாள். “அன்னைக்கும் நான் சும்மா இல்ல. உனக்குக் கேக்கல, அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு அட்டையின் கலருக்குக்கூடப் பஞ்சம் வந்தது. பேச வேண்டியதை வாடிக்கையாளர் மூலமாகப் பேசினோம். டியூஷன் வாத்தியார் கேள்வித்தாள் வாங்க வந்தால் அவர் பாடு திண்டாட்டம். “சார், அங்க கேளுங்க, கட் பண்ணியாச்சான்னு.” அவர் திரும்பி, “கட் பண்ணியாச்சான்னு கேக்கறாங்க” என்பார், ஒரு எட்டு தூரத்தில் உட்கார்ந்திருப்பவளிடம். “பண்ணியாச்சுன்னு சொல்லுங்க சார்.” அவர் திரும்பி என்னிடம் சொல்வார். கடைசியில், “அம்மா, பேசாம நானே கட் பண்ணிக்கறேன்” என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மதிய நேரத்தில் ஷட்டர் முழுக்கத் திறந்தே கிடந்தது. அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது, இரண்டில் எதை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சார்ஜர் பிரிண்டர் மாட்ட வந்தான். அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அந்த ஆட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இரண்டு வண்டியையும் ஓட்டிக்கொண்டிருந்தேன், வீம்புக்குத்தான். “எவ தயவும் வேண்டாம்” என்று முணுமுணுத்தபடி வலது கையால் அம்புக்குறியையும் என்டரையும் சேர்த்து அமுக்கினேன். இடது கையால் மஞ்சள் வண்டியைத் திருப்பி டேப்பைக் குத்தினேன். மஞ்சள் வண்டி தண்ணீர் அடிக்கவில்லை. மறுபடி குத்தினேன். அடிக்கவில்லை. என் விரல், என் கண்ணுக்கு முன்னால், பட்டனின் மேல் இருக்கிறது. வீடு எரிந்தது.

“டேய், இங்க வா. இந்த பட்டன் கெட்டுப்போச்சு.”

அவன் வந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கி, அதைத் தனியாக அமுக்கினான். தண்ணீர் நன்றாகப் பாய்ந்தது. என் கை இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் அமுக்கிப் பார்த்தவன், “ஓ” என்றான்.

“என்ன ஓ?”

“கெட்டுப்போகல சித்தி. இந்தக் கீபோர்டு அப்படித்தான். மூணு கீய ஒண்ணா அமுக்கிட்டா நாலாவது கீ உள்ளயே போகாது. ஒருத்தர் டைப் அடிக்க அது போதும்ல, அதனால அப்படிச் செய்யறாங்க. பழசுல இந்த நாலும் ஒண்ணா போயிருக்கும் போல.” பிறகு, ஏதோ சமாதானம் சொல்வதாக நினைத்து, “இது ஒரு ஆளுக்குச் செஞ்சது சித்தி” என்றான்.

நான் எழுந்துவிட்டேன். என் காதில் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அமுக்கினேன், நான் அமுக்கினேன்.

“பழச எங்க போட்ட?”

“படிக்குக் கீழ. சாமான்காரர் இன்னைக்கு வரேன்னிருக்காரு. சித்தி, இதுக்குன்னே நல்ல கீபோர்டு இருக்கு, நான் ஆர்டர் போடறேன்...”

“போடு ராசா. நீ ஒவ்வொண்ணா சரிபண்ணிக்கிட்டு வா. அதுவரைக்கும் எங்களுக்கு எங்க மெஷின் வேணும்.”

கடையிலிருந்து இறங்கித் தெருவில் நடந்தேன். எங்கள் கேட்டைத் தாண்டினேன். அவர்கள் கேட்டின் கொண்டியைத் தூக்கினேன். சுவர் வந்த பிறகு அதை நான் தொட்டதே இல்லை. எந்தப் பக்கம் திறக்கும் என்றே மறந்துபோயிருந்தது. ஒரு உதை விட்டேன், திறந்துகொண்டது. பெரியவர் முன்பக்க நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கினார். என்னிடம் நேராகப் பேசும் வழக்கம் இல்லையே, அதனால் தூணைப் பார்த்து, “யாருக்கு என்ன வேணுமாம்?” என்றார்.

“எனக்கு என் கம்ப்யூட்டர் வேணும்” என்று அவரையே பார்த்துச் சொன்னேன். அவருக்கு இருமல் வந்தது.

படிக்குக் கீழே போனேன். எந்தப் படிக்காக வீடு இரண்டானதோ அதே படி. கீழே உடைந்த நாற்காலி, காலி இங்க் டப்பா, பழைய காலண்டர் அட்டைகள், அவற்றுக்கு நடுவில் எங்கள் மெஷின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தது. கீபோர்டைத் தட்டித் துடைத்தேன். இடது பக்கத்துப் பட்டன்களில் எழுத்தே இல்லை, அக்கா விரல் பட்டுப் பட்டு அழிந்துவிட்டிருந்தது. அந்தக் காலத்து மானிட்டர் கிடக்கிறதே, அது குண்டுக்கல். கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

“அக்கா!” என்று கத்தினேன். அந்த வீட்டுக்குள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “அக்கா, இங்க வா! ஒரு கை பிடி!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. “ஏய், அங்க என்ன பண்ற? அறிவிருக்கா உனக்கு? யாரக் கேட்டு அந்தப் பக்கம் போன?”

“யாரையும் கேக்கல. இனிமேலும் கேக்கறதா இல்ல. சத்தம் போடாம இருங்க, வெயிட்டு தூக்கறோம்!”

அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள்.

“கீபோர்டு தப்புக்கா. நாம ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்கினா அதுக்குத் தாங்காதாம். நீ அமுக்கினது நிஜம். நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.”

அவள் என்னைத் தாண்டிக் குனிந்தாள், மானிட்டரின் மறுபக்கத்தைப் பிடித்தாள். “ம். தூக்கு” என்றாள்.

பெரியவர் எழுந்து நின்று, “நீ எங்க போற?” என்றார் மனைவியிடம்.

“கடைக்கு.”

“அந்தக் குப்பைய எதுக்கு?”

“வெளையாட” என்றாள் அக்கா. அவ்வளவு நிதானமாக அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

பக்கவாட்டில் நண்டு நடை நடந்து, கேட்டைத் தாண்டி, தெருவில் இறங்கினோம். எதிர்வீட்டு டெய்லர் தைப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார், பார்க்கட்டும். சார்ஜர் ஓடிவந்து சிபியுவையும் கீபோர்டையும் எடுத்துக்கொண்டான். “நெட்ல மட்டும் மாட்டாதீங்க” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். சரி, அதை ஒத்துக்கொண்டோம். பழசுக்குக் கட்டிங் மெஷின் பக்கத்தில் தனி மேசை, புதுசுக்குப் புதுசின் இடம். அவன் போனதும் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

பட்டனைத் தட்டினேன். விசிறி உறுமியது. திரை கறுப்பாகி, தேதி தெரியாமல் முழித்தது. எஃப் ஒன் பட்டனை அமுக்கினேன். ஜனவரி ஒன்று வந்தது. நாங்கள் நாற்காலிகளை ஒட்டிப்போட்டு உட்கார்ந்தோம், அவள் முழங்கை என் முழங்கைமேல் இடித்தது.

“அன்னைக்கு நீ என்னக்கா சொன்ன? எனக்குக் கேக்கலன்னியே.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உள்ள போயி சொன்னேன். அவ மேல பழி போட்டீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்கறதுல அர்த்தமில்லன்னேன். கதவச் சாத்திட்டாரு. அப்பறம் ரொம்ப நாள் என்கிட்ட பேசல.” டேப் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். மஞ்சள் வண்டி தண்ணீர் அடித்தது. “உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

பேசினால் உடைந்துவிடுவேன் என்று சிவப்பு வண்டியைக் கொண்டுபோய் அவள் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

மூன்றாவது கட்டத்தில் எல்லாப் பக்கமும் பொறிகள் வந்தன. அதே நேரத்தில் ஷட்டரை யாரோ தட்டினார்கள், கையால் படபடவென்று. பெரியவர் குரல் கேட்டது. அதோடு சேர்ந்து என் வீட்டுக்காரர் குரலும் கேட்டது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே, வெயிலில், பெரியவரின் பழுப்புச் செருப்பும் என் வீட்டுக்காரரின் நீலச் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன.

“அக்கா, அங்க பாரு...”

“அங்க என்ன பார்வ?” என்றாள் அக்கா. “வலது பக்கம் வருது பாரு. அடிடி!”